உப்புச் சாலையும் நாலு பாதங்களும்: ஷூவா, மெழுகா, வெதுவெதுப்பான தண்ணீரா?

வாக்கிங் போன நாய் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. அதைக் கீழே வைத்ததும் அடுத்த காலைத் தூக்குகிறது. பனி கொட்டும் ஊர்களில் நாய் வளர்க்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. "பாவம், குளிருது போல" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குத் திரும்புவோம். முதல் இரண்டு பனிக்காலம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் அது குளிர் இல்லை, பனிக்கட்டி உருகட்டும் என்று சாலையிலும் நடைபாதையிலும் தூவும் உப்பு. சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்யலாம். நாயை அப்படியே யாரும் கை வைக்காத வெள்ளைப் பனிக்கு அழைத்துப் போங்கள். அங்கே துள்ளிக் குதித்து ஓடினால் குளிர் காரணம் இல்லை என்று ஆகிறது. குளிரைத் தாங்க நாயின் பாதத்துக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் இதை விளக்கிக் காட்டினார்கள். பாதத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளைச் சுற்றி மெல்லிய சிரைகள் வலை மாதிரிப் பின்னியிருக்கின்றன. கீழே இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால் வெறும் பனியில் ஆரோக்கியமான நாய் நன்றாகவே சமாளிக்கும். குட்டிகள், வயதான நாய்கள், முடி குறைந்த சின்ன இனங்கள் இதற்கு விதிவிலக்கு.

உப்பு விஷயம் வேறு. ஐஸ்கிரீம் செய்ய ஐஸ்கட்டியில் உப்பைப் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? உப்பு சேர்ந்த ஐஸ், பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் நீராகவே நிற்கும். சோடியம் குளோரைடு கலந்த நீர், சரியான விகிதத்தில் இருந்தால் −21 டிகிரி வரைக்கும் உறையாது. ஆக, சாலையோரம் சேறு மாதிரிக் கிடக்கும் உப்புக் கூழில் கால் வைக்கும் நாய், பனியைவிடக் குளிர்ந்த ஈரத்தில் கால் வைத்திருக்கலாம். கூடவே கரையாத உப்புக் கற்கள் விரல் இடுக்கில் மாட்டிக்கொள்கின்றன. உள்ளங்கால் மெத்தை தடித்த தோல்தான், ஆனால் விரல்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய தோல். குளிர்காலத்தில் மெத்தையிலும் வெடிப்பு விட்டிருக்கும். புண்ணில் உப்பு வைத்த மாதிரி என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம், நாய்க்கு அது தினசரி நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நாய் செய்யும் முதல் காரியம் காலை நக்குவது. அங்கிருந்து உப்பு வயிற்றுக்குப் போகிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தேவையில்லாத பயம் வரும். நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் சாப்பாட்டு உப்பு உள்ளே போனால் நஞ்சின் அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். 4 கிராமை எட்டினால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ நாய்க்கு ஆபத்தான அளவு 20 கிராமில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. ஒரு நடை போய் வந்து காலை நக்குவதால் இவ்வளவு உப்பு உள்ளே போவது அரிது. எச்சில் வழிவது, ஒரு தடவை வாந்தி, வயிற்றுப்போக்கு, அதோடு போய்விடும். கராஜில் வாய் திறந்து கிடக்கும் உப்பு மூட்டையும் சாலையோர உப்புத் தண்ணீர்க் குட்டையும்தான் பெரிய ஆபத்து. தாகத்தோடு இருக்கும் நாய் குட்டையில் வாய் வைத்தால் எவ்வளவு குடித்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் கிளம்பும் முன்பு வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பது, கீழே நான் பேசப்போகும் எல்லா வழிகளுக்கும் முந்தைய வேலை.

சரி, வழிகள் என்னென்ன? ஷூ போடலாம், மெழுகு தடவலாம், திரும்பி வந்ததும் கழுவலாம், பாதையை மாற்றலாம், நம் வாசலில் போடும் பொருளை மாற்றலாம். கடையில் எது அழகாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இவற்றை அளக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: உப்பு என் நாயின் தோலோடு மொத்தம் எத்தனை நிமிடம் ஒட்டியிருக்கிறது? சாலையில் கொட்டுவது யார், எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. அந்த நிமிடங்கள் மட்டும்தான் நம் கையில் இருக்கின்றன.

ஷூ: பார்க்க அழகு, போட்டுவிடுவது வேறு கதை

காகிதத்தில் பார்த்தால் ஷூதான் முதலிடம். உப்பு காலில் படவே படாது, வந்ததும் கழற்றிவிட்டால் கழுவும் வேலையும் குறைவு. ஷூவைச் சிபாரிசு செய்கிறவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம், பனியில் நாய்கள் வண்டி இழுத்து ஓடும் அலாஸ்காவின் ஐடிடராட் ஸ்லெட்ஜ் பந்தயம். 1973 முதல் நடக்கும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓட்டம் அது. ஒவ்வொரு நாய்க்கும் எட்டு காலுறைகள் வண்டியிலோ நாயின் காலிலோ இருந்தே ஆகவேண்டும் என்பது பந்தய விதி. "பந்தய நாய்களே போடும்போது உங்கள் நாய் போடக்கூடாதா?" என்று கேட்பார்கள்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்தப் பந்தயப் பாதையில் உப்பு கிடையாது. அந்த நாய்கள் போடுவது மெல்லிய, உறுதியான துணியில் தைத்த உறை. கரடுமுரடான பனித்துகள் மெத்தையைத் தேய்க்காமல் இருக்கவும், விரல் நடுவே பனி உருண்டை கட்டாமல் இருக்கவும்தான் அது. நனைந்தாலோ கிழிந்தாலோ கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொண்டே போவார்கள். அதே துணி உறையைப் போட்டு உருகிய உப்புத் தண்ணீரில் நாயை நடக்கவிட்டால், துணி உறிஞ்சிக்கொண்டு பாதத்தைச் சுற்றி உப்புப் பத்து போட்ட மாதிரி ஆகிவிடும். நிமிடக் கணக்கில் பார்த்தால் இது வெறுங்காலைவிட மோசம். வெறுங்காலிலிருந்து நடக்க நடக்க உப்பு உதிரவாவது செய்யும், நனைந்த உறைக்குள் அது எங்கே போகும்?

உப்புச் சாலைக்கு வேண்டியது நீர் புகாத ஷூ. இதில் இரண்டு ரகம் புழக்கத்தில் உண்டு. ஒன்று பலூன் மாதிரி இருக்கும் மெல்லிய ரப்பர். வார், ஒட்டுப்பட்டி எதுவும் இல்லாமல் இழுத்து மாட்டிவிடலாம், நாய்க்குத் தரையும் தெரியும். ஆனால் குளிரைத் தடுக்காது, நகம் நீளமாக இருந்தால் சீக்கிரம் ஓட்டை விழும், மாட்டும்போது நம் விரல் நோகும். இன்னொன்று கெட்டியான அடிப்பாகம் வைத்து, மேலே வெல்க்ரோ பட்டியால் கட்டுவது. இது நீடித்து உழைக்கும். சரியான அளவில் இல்லாவிட்டால் மட்டும் தொல்லை. தளர்வாக இருந்தால் முதல் பனிக்குவியலில் ஒன்று காணாமல் போகும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து, விறைத்துப்போகும் ஆபத்தை நாமே வரவழைப்போம். மேலே தனியாக நிற்கும் கட்டைவிரல் நகத்தில் பட்டி உரசிப் புண்ணாவதும் உண்டு.

அளவெடுக்கும்போது நாய் அந்தக் காலில் எடை போட்டு நிற்க வேண்டும். மடியில் வைத்து அளந்தால் சின்னதாக வரும், ஊன்றும்போது பாதம் விரியும். முன்பாதம் பெரும்பாலும் பின்பாதத்தைவிட அகலம், அதனால் நாலுக்கும் ஒரே அளவு வாங்கினால் பின்கால் இரண்டும் கழன்று விழுந்துகொண்டே இருக்கும். நான் முதலில் வாங்கிய செட் இப்படித்தான் போனது. தப்பித்த ஒற்றை ஷூ இன்னும் சாவி மாட்டும் இடத்தில் தொங்குகிறது.

பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். ஷூ போட்ட முதல் நாள் நாய் காலை மார்பு உயரத்துக்குத் தூக்கித் தூக்கி வைக்கும். அதை வீடியோ எடுத்துச் சிரிக்கலாம். ஆனால் அது வேடிக்கை காட்டவில்லை, தரையைப் பற்றிக் கால் கொண்டுவரும் செய்தி திடீரென்று நின்றுபோனதால் குழம்புகிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு காலில் மட்டும் ஒரு நிமிடம் போட்டு, தீனி கொடுத்து, கழற்ற வேண்டும். மறுநாள் இரண்டு கால். அப்புறம் நாலும் போட்டு உள்ளேயே நாலு எட்டு. பனி விழுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தால் நல்லது. முதல் பனி விழுந்த அன்றைக்கு ஷூவை வாங்கி வந்து அன்றைக்கே நாலையும் மாட்டி வெளியே இழுத்துப் போனால், அந்த ஜென்மத்துக்கும் நாய் ஷூவை மன்னிக்காது.

என் தீர்ப்பு: பாதத்தில் ஏற்கெனவே வெடிப்போ காயமோ இருக்கும் நாய்க்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்ததும் உப்புதான் என்ற நிலையில் இருக்கும் நாய்க்கு ஷூவே சரி. மற்றவர்களுக்கு அது ஒரு நல்ல எண்ணம், அவ்வளவுதான். பத்து நாளில் ஏழு நாள் போடாமல் விடப்போகும் ஷூ, பத்து நாளும் செய்யப்போகும் சாதாரண வேலைக்கு ஈடாகாது.

மெழுகு: நடுவழி

தேன்மெழுகு, கார்னோபா மெழுகு மாதிரியானவற்றை எண்ணெயோடு கலந்து டப்பாவில் விற்கிறார்கள். கிளம்பும் முன் மெத்தையிலும் விரல் இடுக்கிலும் மெல்லியதாக இரண்டு பூச்சு தடவினால் போதும். தடியாகப் பூசினால் சீக்கிரம் வேலை முடியும் என்று நினைத்தால், அது உங்கள் தரை விரிப்பில்தான் முடியும்.

மெழுகுக்கு இரண்டு உண்மையான பலன்கள் உண்டு. உப்புத் தண்ணீர் நேராகத் தோலில் ஊறுவதைக் குறைக்கும். விரல் முடியில் பனி உருண்டை கட்டுவதையும் உப்புக்கல் ஒட்டுவதையும் தடுக்கும். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரியும் பலன். ஆனால் நடக்க நடக்கத் தேய்ந்துகொண்டே போகும், அதுவும் கான்கிரீட் நடைபாதையில் வேகமாகவே. மெழுகு தடவியாயிற்று என்ற தைரியத்தில் கழுவாமல் விடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மெழுகின் மேலேயே ஒட்டி வந்த உப்பை நாய் மெழுகோடு சேர்த்து நக்கும். ஷூவை எந்த விதத்திலும் ஏற்காத நாய்க்கு மெழுகு நல்ல துணை. தனியாக நின்று காக்கும் சக்தி அதற்கு இல்லை.

அலமாரியில் இருக்கும் எதையாவது தடவிவிடலாம் என்று கை போகும். மனிதர்களுக்கான கிரீம்களில் ஜிங்க் ஆக்சைடு இருந்தால் நாய் நக்கும்போது துத்தநாகம் உள்ளே போகும், அது நஞ்சு. டீ ட்ரீ எண்ணெய் கலந்ததும் வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி அவசரத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் வழுக்கும், இரண்டே நிமிடத்தில் நக்கிக் காலி பண்ணிவிடும், நிறைய உள்ளே போனால் வயிறு இளகும்.

கழுவுவது: சுவாரசியம் இல்லாத வெற்றி

என் அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான். யாரும் இதை விளம்பரம் செய்வதில்லை, காரணம் விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு உப்பு 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் வரை கரையும். அதாவது தண்ணீர் பட்டால் உப்பு போய்விடும், தேய்த்து எடுக்க வேண்டிய கறை இல்லை அது. கதவோரம் ஒரு பழைய டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மக், ஒரு துண்டு. நாலு காலையும் ஒவ்வொன்றாக முக்கி, விரல்களை விரித்து இடுக்கில் ஒரு தடவை விரலை ஓட்டி எடுத்தால் சில விநாடிகளில் வேலை முடிந்தது. விரல் இடுக்கில் பனி உருண்டை கெட்டியாக ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, முடியோடு வரும். தண்ணீரில் கரையட்டும். சுடுதண்ணீர் வேண்டாம், குளிர்ந்து மரத்த கால் சூட்டை உடனே உணராது.

முக்குவதும் ஈரத்துணியால் துடைப்பதும் ஒன்றில்லை. துடைக்கும்போது மேலே இருக்கும் உப்பு கரைந்து இடுக்குக்குள் இழுபடுகிறது. ஈரத் துடைப்பான் பாக்கெட் காருக்குச் சரி, வீட்டுக்குத் தண்ணீர்தான். உள்ளே சிலிக்கான் முட்கள் வைத்த, காலை நுழைத்துச் சுற்றும் குவளைகளும் கிடைக்கின்றன. ஒரு காலுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் நன்றாகவே வேலை செய்யும். யார் மாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கழுவியதும் துடைத்து உலர்த்துவதைப் பாதியில் விடக்கூடாது. விரல் நடுவே ஈரம் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் நாய் இன்னும் நக்கும். உப்புக்காக ஆரம்பித்த வேலை வேறு நோயில் போய் முடியும். குட்டைக்கால் நாயாக இருந்தால் வயிற்றடியையும் பாருங்கள். அது வயிற்றாலேயே சாலையைப் பெருக்கிக்கொண்டு வந்திருக்கும். ஷூ போட்ட குட்டைக்கால் நாய்க்கும் இதே கதைதான், நாலு பாதமும் பத்திரமாக இருக்கும், வயிறு முழுக்க உப்பு.

கழுவுவதன் பலவீனம் ஒன்றுதான்: நடக்கும் நேரம் முழுக்கக் கால் உப்போடுதான் இருக்கிறது. இருபது நிமிட நடைக்கு இருபது நிமிடம். ஆனால் கழுவாவிட்டால் அது மாலை வரை ஒட்டியிருக்கும், நக்கி நக்கி உள்ளேயும் போகும். அந்த நாள் முழுவதையும் இருபது நிமிடமாகக் குறைப்பது சின்ன லாபம் இல்லை.

கூடவே ஒரு பராமரிப்பு வேலை. மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியை மெத்தையின் மட்டத்துக்குக் கத்தரித்து வைத்தால் உப்பும் பனியும் பிடித்துத் தொங்க இடம் இருக்காது. தோல் தெரிய மழிக்க வேண்டாம். நகமும் நீளமாக இருந்தால் ஊன்றும்போது விரல்கள் விரிந்து இடுக்கு திறந்துகொள்ளும்.

பாதையை மாற்றுவது

இது இலவசம், ஆனால் எல்லோருக்கும் வாய்க்காது. கவனிக்க வேண்டியது பெரிய சாலையைவிட நடைபாதைகளையும் கடை வாசல்களையும்தான். சாலையில் லாரி அளந்து தூவுகிறது. வாசலில் மனிதர் பயத்தோடு அள்ளி வீசுகிறார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உப்பைக் குறைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு காபி மக் உப்பு ஏறத்தாழ 6 மீட்டர் வண்டித்தடத்துக்குப் போதும். நடைபாதையில் காலுக்கடியில் நறநறக்கும் அளவைப் பார்த்தால் ஒரு கதவுக்கே ஒரு மக் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

தார்ச்சாலையில் பனி விழும் முன்பே இணைகோடுகளாக வெள்ளைத் தடம் தெரிந்தால் அது முன்கூட்டியே தெளித்த உப்புநீர். கல்லாகக் கிடப்பதைவிட இதைக் கவனிப்பது கடினம், ஈரமான பாதத்தில் உடனே ஒட்டும். சில ஊர்களில் உப்புநீரோடு பீட்ரூட் சாறு கலக்கிறார்கள். மில்வாக்கி நகரம் 2013-ல் பாலாடைக்கட்டி ஊறிய உப்புநீரைக்கூடச் சாலையில் முயன்று பார்த்தது. சாலைக்கு நல்லதாக இருக்கலாம், மூக்காலேயே உலகத்தைப் படிக்கும் ஒரு பிராணிக்குச் சாலை பாலாடைக்கட்டி வாசம் அடித்தால் என்ன ஆகும் என்று அங்கே யாராவது ஒரு நாயைக் கேட்டிருக்கலாம்.

புல்வெளியின் உள்பக்கம், பூங்காவின் மண்பாதை, நல்ல மழை பெய்து கழுவிய மறுநாள், இவையெல்லாம் நல்ல தேர்வு. உப்புப் பகுதி தாண்டவே முடியாத பத்து மீட்டர் என்றால் சின்ன நாயைத் தூக்கிக்கொள்ளலாம். நாற்பது கிலோ நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது.

நம் வாசலில் என்ன போடுவது

இது ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கும் முடிவு, இதில்தான் குழப்பமும் அதிகம். "செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று பாக்கெட்டின் முன்பக்கம் பாதப் படத்தோடு எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை. கெடுதல் குறைவு என்பதை அப்படி எழுதுகிறார்கள், அவ்வளவுதான். பின்பக்கத்தில் என்ன ரசாயனம் என்று பாருங்கள்.

சாதாரணக் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, நடைமுறையில் சுமார் −9 டிகிரி வரை வேலை செய்யும். நாய்க்கு எரிச்சல், உள்ளே போனால் மேலே சொன்ன கணக்கு. கால்சியம் குளோரைடு −25-க்குக் கீழேயும் உருக்கும், அதுதான் அதன் பெருமை. ஆனால் தண்ணீர் பட்டால் சூட்டை வெளிவிடும் பொருள் அது. ஈரக் கையில் நாலு மணியை வைத்துப் பாருங்கள், சுடும். ஈரப் பாதத்திலும், அதைவிட ஈரமான வாயிலும் அதுவே நடக்கும், வாய்ப்புண் வரைக்கும் போகலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி வழவழவென்று ஒட்டும் என்பதால் வீட்டுக்குள்ளும் வரும். நாய் இருக்கும் வீட்டு வாசலுக்கு இதை நான் வாங்கமாட்டேன், எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. மக்னீசியம் குளோரைடு இவற்றுக்கு நடுவில். சுமார் −15 வரை வேலை செய்யும், தோலை உறுத்துவது குறைவு, நிறையத் தின்றால் வயிற்றுப்போக்கு. பொட்டாசியம் குளோரைடு −4-ஐத் தாண்டினால் அநேகமாகச் சும்மா கிடக்கும், அதற்காக மேலும் மேலும் கொட்டுவோம், அதில் என்ன லாபம்?

யூரியாவும் கால்சியம் மக்னீசியம் அசிட்டேட்டும்தான் "பாதுகாப்பான" பாக்கெட்டுகளில் அடிக்கடி வருபவை. இரண்டும் நாய்க்கு ஒப்பீட்டளவில் சாது. யூரியாவைத் தின்ற நாய் எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும், பெரும்பாலும் அத்தோடு சரி. ஆனால் இரண்டுமே −7-ஐ ஒட்டி ஓய்ந்துவிடும். அசிட்டேட் விலை அதிகம், இருந்தாலும் சின்ன வாசல்படிக்கு நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

கடுங்குளிரில்? அப்போது உருக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மணல் போடலாம். மணல் ஒன்றையும் உருக்காது, வழுக்காமல் பிடிப்புக் கொடுக்கும். எந்த வெப்பநிலையிலும் வேலை செய்யும், நாய்க்கு நஞ்சும் இல்லை. வீட்டுக்குள் மணல் வரும், பெருக்க வேண்டும், அதுதான் அதன் விலை. மணலுக்குப் பதில் அடுப்புச் சாம்பலைத் தூவும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈரத்தில் சாம்பல் காரத்தன்மை கொண்டதாக மாறித் தோலை அரிக்கும், நாய் இருந்தால் வேண்டாம். எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் பனியைத் தள்ளிவிட்டுப் போட்டால் பாதிக்கும் குறைவாகவே செலவாகும், நாய் மிதிப்பதும் குறைவு.

உப்பைவிடப் பெரிய எதிரி

ஒப்பீட்டில் வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காரின் குளிர்நீர்த் தொட்டியில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸிலும், சில கண்ணாடிப் பனிநீக்கிகளிலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்பாக இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லியை ஒட்டிய அளவே ஒரு நாயைக் கொல்லப் போதும், 10 கிலோ நாய்க்கு அது கால் டம்ளர்கூட வராது. அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் கசப்புப் பொருள் சேர்க்க 2012-ல் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் கசப்பை மட்டும் நம்பி எதையும் திறந்து வைக்க முடியாது. நக்கிய நாய் முதல் சில மணி நேரம் குடித்தவர் மாதிரித் தள்ளாடும், பிறகு சரியாகிவிட்டது போலத் தெரியும். அந்த இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து உண்டு, முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். தள்ளாடுகிறதே, பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த ஆன்டிஃப்ரீஸ் இதைவிட நஞ்சு குறைந்தது. வாங்கும்போது அதைத் தேடலாம், ஆனால் சிந்தியதை அப்போதும் துடைக்கத்தான் வேண்டும்.

உப்பையோ வேறு பனிநீக்கியையோ நாய் நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு இருந்தால் நேராகப் போய்விடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய கைவைத்தியத்தை எதற்காகவும் செய்யாதீர்கள். உப்பு நஞ்சுக்கு உப்பையே கொடுப்பது எப்படி என்று கேட்கத் தோன்றும், பதற்றத்தில் அதையும் செய்தவர்கள் உண்டு.

ஆக, எதை எடுப்பது

பெரிய, முரட்டுப் பாத நாய், பக்கத்தில் பூங்கா: கழுவுவதும் பாதை மாற்றமும் போதும், வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம். நீள முடி நாய்: கத்தரித்து, மெழுகு தடவி, வந்ததும் கழுவுங்கள். பாதம் வெடித்த நாய், வயதான நாய், உப்பிலேயே வாசல் வைத்த வீடு: நீர் புகாத ஷூவைப் பொறுமையாகப் பழக்குங்கள், நடை முடிந்ததும் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். குட்டைக்கால் நாய்க்கு எதைச் செய்தாலும் கடைசியில் டப்தான்.

எங்கள் வீட்டில் இப்போது மெழுகு வாரத்துக்கு இரண்டு நாள், நீளமான நடை இருந்தால். டப் தினமும். முதல் மாதம் அவனைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்த வேண்டியிருந்தது. நாலாவது காலைத் துடைத்ததும் ஒரு பிஸ்கட் என்று வைத்த பிறகு கதவு திறந்ததும் நேராக டப்புக்குள்ளேயே ஏறி நிற்கிறான், சில நாள் வெளியே போகாமலேயே.